முகூர்த்த விரலும் இரண்டு மெஷின்களும்

ராமபத்ரன் அத்திம்பேர் வேலையிலிருந்து விடைபெற்றது ஒரு மார்ச் மாதத்தின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. கொச்சியில், வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக நுழைந்தவர். சரக்குப் பெட்டிகள் எல்லாம் எதிரே வல்லார்பாடத்தின் புதுத் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் இந்தக் கரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, மேலாளராக வெளியே வந்தார். மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் அவரைப் பற்றி மலையாளத்தில் கவிதை எழுதி வாசித்தார். இதற்கெல்லாம் அசையாதவர், சாப்பாட்டு நேரத்தில் அடைப்பிரதமன் உருளிக்கு முன்னால் நிலைகுலைந்துவிட்டார். பரிமாறியவரின் கை சின்னது என்று பட்டதால் கரண்டியைத் தானே வாங்கி உருளியின் அடிவரை துழாவினார். அப்போது வாரின் ஊசி கழன்று அவருடைய கைக்கடிகாரம் பிரதமனுக்குள் இறங்கியது.

தேடி எடுப்பதற்குள் இரண்டு பேர் பாயசம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஒருவருடைய கிண்ணத்தில்தான் கடைசியில் அது அகப்பட்டது. வேலையில் இருந்த அத்தனை வருடத்துக்கும் அடையாளமாக அத்திம்பேர் அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு எவர்சில்வர் டம்ளர், டம்ளருக்குள் பிரதமன், பிரதமனுக்குள் கடிகாரம்.

நான் அதற்கு முந்திய வாரம்தான் மட்டாஞ்சேரிக்கு வந்திருந்தேன். அத்திம்பேரின் மனைவி மீனாக்ஷி அத்தை என் அப்பாவின் தங்கை. சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கையில் இருந்தது தீர்ந்ததும், மாடியில் காலி அறை இருக்கும் ஒரே உறவுக்காரர் வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். அடுத்து எங்கே என்று யாராவது கேட்டால் அறைக்குள் போய்விடுவேன். அந்த டம்ளர் வந்த நாளிலிருந்து யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த வகையில் அத்திம்பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு கடிகாரம் பாயசத்தில் விழுந்ததற்கு வீடே ஏன் துக்கம் கொண்டாடியது என்பதைச் சொல்ல வேண்டும். ஊர்த் தமிழ்ப் பிராமணர்களுக்குப் பொதுவான எங்கள் சமூக மடத்தில் நடக்கும் எந்தக் கல்யாணத்திலும் முகூர்த்த நேரம் வந்ததும் மேடையோரம் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கூவுவது ராமபத்ரன் அத்திம்பேர்தான். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த விரலுக்கு மாற்று இல்லை. முன்பு இதைச் செய்துவந்தவர் ஒரு கல்யாணத்தில் சரியாக முகூர்த்த சமயத்தில் தும்மல் வந்து கையை மூக்குக்குக் கொண்டுபோக, மேளக்காரர்கள் அதையே சைகை என்று நினைத்து வாசித்துவிட்டார்கள். மாப்பிள்ளை அப்போது வேஷ்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அடுத்த கல்யாணத்தில் அத்திம்பேர் ஏறி நின்றார். கப்பல் எந்த நிமிஷத்தில் கரையில் கட்டப்பட்டது என்று எழுதுவதே அவர் பிழைப்பு. ஒரு மணி நேரம் தவறினால் யாரோ ஒரு சீமை முதலாளி வக்கீலை அனுப்புவார். ஆகவே விரல் அவருக்கு இயல்பாக வந்தது.

இப்போது அவருடைய ஒரே மகள் ஸாதனாவுக்கு ஆவணியில் கல்யாணம். திருப்பூணித்துறைப் பையன், பெயர் கோவிந்த். அந்தக் கல்யாணத்திலும் தானே விரல் தூக்க வேண்டும் என்பது அத்திம்பேரின் தீர்மானம். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்தது அடைப்பிரதமனும் இதுவும்தான்.

வாட்ச் ரிப்பேர் செய்யும் இசக்கிதுரையின் கடை அரண்மனைச் சாலையில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. தென்காசிப் பக்கத்துக்காரர். கடையில் முக்கால் பங்கு போன் உறைகள் தொங்கும். மீதி கால் பங்கில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் அவரும். டம்ளரை எட்டிப் பார்த்தார்.

“சாமி, இத வாட்சுன்னு கொண்டாந்தியளா, பலகாரம்னு கொண்டாந்தியளா?”

“இசக்கி, போதும், தமாஷ் மதி. தொறந்து பாரு.”

திறந்தார். கடிகாரத்துக்குள் ஓடும் யந்திரத்தை அவர் ‘மெஷின்’ என்பார், வெளிக்கூட்டை ‘கேஸ்’ என்பார். கேஸ் தங்க முலாமுடன் அப்படியே இருந்தது. மெஷின் பழுப்பாக, வாசனையாக இருந்தது.

“வெல்லம் போயி பல்சக்கரம் பூராத்தையும் பிடிச்சிட்டு. தேங்காப்பாலு வேற. இதச் சுத்தம் பண்ணுததுக்கு வேற மெஷினே போட்டுரலாம். பேட்டரி மெஷின் ஒண்ணு வச்சுருதேன், சோலி முடிஞ்சுது. சாவி கொடுக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அத்திம்பேர் அவமானப்பட்டவர் போல் ஒரு அடி பின்வாங்கினார். “முகூர்த்தத்துக்கு டார்ச் லைட்டைப் பாத்தா விரல் தூக்கறது?”

“சரி, கோவப்படாதிய.” இசக்கிதுரை ஒரு பழைய மாத்திரை டப்பாவைத் திறந்தார். “சாவி கொடுக்கதுலயே ரெண்டு மெஷின் கைவசம் இருக்கு. ரெண்டும் உங்க கேஸுல உக்காரும். இது சுவிஸு. பாத்தியளா, எப்படி ஒல்லியா இருக்கு. இது பெங்களூருல செஞ்சது. கொஞ்சம் தடி. நடக்கும்போது சத்தம் கேக்கும்.”

“எது நல்லது?”

“ரெண்டும் நல்லது சாமி.”

“கூடுதல் நல்லது எது?”

“அத நான் சொல்லிட்டேன்னா, நாளப்பின்ன என்னையத்தான் ஏசுவிய. ரெண்டையும் ரெண்டு பழைய கேஸுல போட்டுத் தாரேன். கட்டிப் பாருங்க. எது உங்களுக்கு ஒத்துக்கிடுதோ அத உங்க கேஸுக்கு மாத்திருதேன். மத்ததத் திருப்பித் தந்துருங்க.”

ராமபத்ரன் அத்திம்பேரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சட்டை எடுக்கப் போனால் துணியை வெயிலில் பார்த்து, நிழலில் பார்த்து, கடைக்காரரையும் உடன் தெருவுக்கு வரச்செய்து பார்ப்பவர் அவர். வேலையும் இல்லாமல் இருந்த அந்த மாதத்தில் இரண்டு மெஷின்களை அவர் கையில் கொடுத்தது, ஊரின் அமைதிக்குச் செய்த கேடு.

மறுநாள் முதல் அவர் இடது கையில் இரண்டு கடிகாரங்களைக் கட்டிக்கொண்டு நடமாடினார். ஒன்று மணிக்கட்டில், ஒன்று அதற்கு மேலே. ஏன் ஒரே கையில் என்றால், இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே ஆட்டம், ஒரே வியர்வை கிடைக்க வேண்டுமாம். பஜார் சாலையில் மிளகுக் கிடங்குக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள்: “சாமீ, மற்றது துபாய் டைமாணோ?” அவர் நின்று, ஒவ்வொருவருக்கும் சுவிஸ் எது பெங்களூர் எது என்று விளக்கினார். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் அவரைக் கண்டால் கிடங்குக்குள் போய்விட்டார்கள்.

காலையில் வானொலியில் செய்திக்கு முன்னால் ‘பிப்’ ஒலிக்கும்போது நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் உட்கார்ந்து இரண்டையும் பார்ப்போம். பெங்களூர் மெஷின் தினமும் மூன்று நிமிஷம் முந்தி ஓடியது. என்றைக்கும் மூன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுவிஸ் மெஷின் வேறு குணம். ராத்திரி முழுவதும் மேஜையில் மல்லாந்து கிடந்தால் வானொலிக்கே புத்தி சொல்லும்படி துல்லியமாக இருக்கும். கையில் கட்டிக்கொண்டு நடந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு நாள் நாலு நிமிஷம் பின்தங்கும், ஒரு நாள் ஏழு.

அத்தை முறுக்குப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “அது அப்படியே உங்க அத்திம்பேராக்கும். படுத்துண்டிருந்தா எல்லாம் சரி. எழுந்து ஒரு வேலைக்குப் போனாத்தான் கோளாறு.”

“மீனாக்ஷி, இது காரியமான விஷயம்.”

“நானும் காரியமாத்தான் சொல்றேன். சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் பேசினேளோ?”

பேசவில்லை. அவர் இசக்கிதுரையிடம் போயிருந்தார். இரண்டு மெஷினுக்கும் உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு முள் உண்டு. அதைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் முள் ஏற்கெனவே ஒரு ஓரத்தில்தான் நின்றது. “இதுக்கு மேல தள்ளுனா அது என் மடியிலதான் விழும் சாமி,” என்றார் இசக்கிதுரை.

வீடு இரண்டு கட்சியானது. ஸாதனா பெங்களூர்க் கட்சி. தினமும் ஒரே தப்பு என்றால் அதைக் கழித்துக்கொள்ளலாமே என்பது அவள் வாதம். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. அத்திம்பேருக்கு மனசு சுவிஸ் பக்கம். பொய் சொல்கிற ஒன்றைத் தெரிந்தே கையில் கட்டிக்கொண்டு மங்கள காரியத்தில் நிற்பதா என்று கேட்டார்.

“அப்பா, கோவிந்தைப் பாத்து சரின்னு சொல்ல உங்களுக்கு ஒரு சாயா குடிக்கற நேரம்தான் ஆச்சு,” என்றாள் ஸாதனா. “ஒரு மெஷினுக்கு இத்தன மாசமா?”

“மாப்பிள்ளை ஒருத்தன்தானேடி வந்தான். ரெண்டு பேர் வந்திருந்தா அதுக்கும் இத்தன மாசம் எடுத்திருப்பேன்.”

“ரெண்டு பேரையும் கையில கட்டிண்டு பஜார்ல நடந்திருப்பேள்.”

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் சங்கர்ராம் மாமா வந்தார். ஏலூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் கருவிகள் பிரிவில் நாற்பது வருடம் இருந்தவர்; இப்போது சமூக மடத்தின் பொருளாளர். அத்திம்பேரின் சிநேகிதர்தான். ஆனால் விரல் விஷயத்தில் அவருக்கு ஒரு கண் உண்டு என்பது மடத்துத் தூண்களுக்கும் தெரியும்.

“ஓய் ராமபத்ரன், பொண்ணோட அப்பாவே விரல் தூக்கினதா எங்கயாவது கேட்டிருக்கீரோ?”

“கேட்டதில்லை. இனிமே கேப்பீர்.”

“மடியில பொண்ணு, எதிர்ல ஹோமப்புகை. நீர் எப்படி மணி பாப்பீர்? நான் பக்கத்துல நிக்கறேன். என் போன் இருக்கு. சாட்டிலைட்லேர்ந்து வர்ற டைம், ஒரு செகண்ட் தப்பாது.”

“சாட்டிலைட் என் பொண்ணுக்கு என்ன உறவு?”

சங்கர்ராம் மாமா முறுக்கைக் கடித்து யோசித்தார். “சரி, ஒண்ணு சொல்றேன். ஸாதனா கல்யாணத்துக்கு நீரே தூக்கும். சரியான நேரத்துக்குத் தூக்கினா உம்ம காலம் வரைக்கும் யாரும் கேக்க மாட்டா. ஒரு நிமிஷம் முன்ன பின்ன போனா, அடுத்த கல்யாணத்துலேர்ந்து விரல் என்னோடது. சம்மதமா?”

“சம்மதம்.”

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பந்திக்கு ஆள் பேசறதைப் பத்தி ரெண்டு பேரும் ஏதாவது பந்தயம் கட்டினேளோ?”

ஆனால் சங்கர்ராம் மாமா போன பிறகு அத்திம்பேருக்கு உறைத்தது. இத்தனை வருடமும் மேடை ஓரம் நின்று விரல் தூக்கியவர் அவர். தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் அல்லவா உட்கார்ந்திருப்பாள்? ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார். ஸாதனா கையெடுத்துக் கும்பிட்டாள்: “நான் மேடையில ஒரு தடவை உக்காந்தா மதி.”

ஆகவே மட்டை அரிசி மூட்டையைக் கொண்டுவந்தோம். அத்தை அதற்குத் தன் பழைய ஒன்பது கஜத்தைச் சுற்றினாள். தலைக்கு நான் ஒரு தலையணையைக் கட்டினேன். அத்திம்பேர் நாற்காலியில் உட்கார, நாங்கள் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்தோம். “அம்மா!” என்றார்.

“இதைவிட நான் கனம் கம்மி, எழுதி வெச்சுக்கோங்கோ,” என்றாள் ஸாதனா.

மூட்டை விழாமலிருக்க இடது கையால் வளைத்துப் பிடித்தாக வேண்டும். பிடித்தால் மணிக்கட்டு மூட்டைக்கு முன்பக்கம் போய்விடுகிறது. ஒரு கடிகாரமும் தெரியவில்லை. வலது பக்கம் தலையை நீட்டினார், இடது பக்கம் நீட்டினார். தலையணை கழன்று விழுந்தது. வாசலில் பால் கொடுக்க வந்த பெண், புடவை கட்டிய மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்திருக்கும் மனிதரைப் பார்த்துவிட்டுப் பாலைப் படியிலேயே வைத்துப் போனாள்.

“வலது கையில கட்டிக்கோங்கோளேன்,” என்றேன். “விரல் தூக்கற கைதானே. தூக்கும்போது மூஞ்சிக்கு நேரா வரும்.”

வலது கையில் கட்டிப் பார்த்தார். மூட்டையின் தோளுக்கு மேலே கடிகாரம் நிலா மாதிரி எழுந்தது. பழகட்டும் என்று இரண்டையும் அன்றிலிருந்து வலது கையிலேயே கட்டிக்கொண்டார்.

அங்கேதான் அதிசயம் நடந்தது. வலது கைக்கு மாறியதும் சுவிஸ் மெஷின் பின்தங்குவதை நிறுத்திவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம் – வானொலி பிப்போடு அப்படியே ஒத்துப்போனது. பெங்களூர் மெஷின் எந்தக் கையானாலும் தன் மூன்று நிமிஷத்தை விடவில்லை. இருவரும் இசக்கிதுரையிடம் ஓடினோம்.

“எடது கையில கட்டுனா, கையத் தொங்கவிடும்போது சாவித் திருகு தரையப் பாத்து நிக்கும். வலது கையில கட்டுனா மானத்தப் பாத்து நிக்கும்,” என்றார். “செல மெஷினுக்குக் கீழ பாத்தா ஆகாது. எனக்கு அப்பவே தெரியும்.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“நீங்க எடது கையில கட்டுத ஆளு. கையையா மாத்தச் சொல்லுவேன்?”

அவருக்கு அப்போதே தெரியும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் தேர்வு முடிந்துவிட்டது. ஸாதனாவை மடியில் வைக்க வேண்டும் என்பதால் வலது கை. வலது கை என்பதால் சுவிஸ். அத்திம்பேர் இதை ஒரு தெய்வச் செயலாகவே எடுத்துக்கொண்டார். தங்க முலாம் கேஸுக்குள் சுவிஸ் மெஷின் உட்கார்ந்தது. பெங்களூர் மெஷினைத் திருப்பிக் கொடுக்கிற நாளில் அதற்கும் ஒரு முறை சாவி கொடுத்துவிட்டுத்தான் நீட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் செய்ததை அவருடைய தொழில் தெரிந்தவர்கள்தான் புரிந்துகொள்ள முடியும். கப்பல் ஏஜென்சியில் எந்தத் தாளும் மூன்று பிரதி போக வேண்டும். ஒன்று தொலையும், ஒன்று தப்பான மேஜைக்குப் போகும், ஒன்று வேலையை முடிக்கும். விடியற்காலையிலிருந்து தனக்கு மந்திரமும் மடியும் இருக்கும், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிடும் என்று பயந்து, அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். பிறகு ஸாதனாவைத் தனியாக. பிறகு என்னைத் தனியாக. மற்ற இருவருக்கும் சொல்லியிருக்கிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பொறுப்பு போய்விடுமாம்.

மூன்று பிரதியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அத்தை எழுந்ததும் சாவி கொடுத்தாள். நான் குளித்துவிட்டு வந்து கொடுத்தேன். இரண்டு திருகிலேயே இறுகிவிட்டது, சுவிஸ் அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஜடைக்குப் பூத் தைத்துக்கொண்டிருந்தபோது ஸாதனா அதை மடியில் எடுத்துவைத்து அரைத் திருகு கொடுத்தாள். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நாலாவதாக சங்கர்ராம் மாமா வந்தார். நியாயமான மனிதர், பந்தயத்தில் எதிராளியின் ஆயுதமும் சரியாக இருக்க வேண்டும் என்று, தன் போனில் மணி பார்த்து ஒப்பிட வந்தார். வந்த இடத்தில் சாவித் திருகைத் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை. இறுகிப்போன திருகு ஒன்றைக் கண்டால் கருவிகள் பிரிவில் நாற்பது வருடம் இருந்தவர் சும்மா இருக்க மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினார். உள்ளே எறும்பு இருமியதுபோல் ஒரு சத்தம்.

“மாட்டிண்டிருந்தது. சரி பண்ணிட்டேன்,” என்று என்னிடம் திருப்தியுடன் சொன்னார். “இப்ப நன்னா சுத்தறது.”

நன்றாகத்தான் சுற்றியது. சுருள்வில் அறுந்துபோனால் சாவி எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றும் என்று இசக்கிதுரை பிற்பாடு சொன்னார்.

அத்தை அதை அத்திம்பேரின் வலது மணிக்கட்டில் கட்டியபோது அவர் கண்ணை மூடி ஏதோ மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பிரதாயம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. முகூர்த்தம் பத்தேகாலுக்கு. ஸாதனா கூறைப்புடவையுடன் வந்து அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். மண்டபம் முழுக்க ஒரே குறியாக அத்திம்பேரைப் பார்த்தது. பந்தயம் பற்றி எல்லோருக்கும் தெரியும். மணப்பெண்ணைப் பார்த்தவர்கள் குறைவு.

அத்திம்பேர் வலது கையை அவள் தோளுக்கு மேலே உயர்த்தினார். கடிகாரம் ஒத்திகையில் போலவே எழுந்தது. அது எட்டு மணி சில நிமிஷம் காட்டியது. காதில் வைத்துப் பார்த்தார். நாகஸ்வரத்தில் என்ன கேட்கும்? அவர் கழுத்து வியர்ப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

“ஸுப்ரியா, மணி என்னாச்சு?”

என் போன் மடத்து மாடியறையில், கைப்பையில். அத்திம்பேர் வேறு வழியில்லாமல் சங்கர்ராம் மாமாவைக் கண்ணால் அழைத்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. எதிராளி என்று பார்க்காமல் உடனே போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். அது திறக்கவில்லை. நெற்றியில் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம்; போனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அங்கவஸ்திரத்தால் துடைத்தார். சந்தனம் முகம் முழுக்கப் பரவியது. போன் இப்போது அவரை முற்றிலும் நிராகரித்தது. கடவு எண்ணை அழுத்தினார், விரலில் இருந்த எண்ணெய் வழுக்கியது.

“அடச்சீ, நான்தான்டா!” என்று போனைப் பார்த்துச் சொன்னது எனக்கே கேட்டது.

அதற்குள் கோவிந்த் தாலியை எடுத்துக்கொண்டு குனிந்தான். ஒரே இரைச்சலாகக் கெட்டிமேளம் வெடித்தது. அட்சதை மழையாக விழுந்தது. கண்ணில் அட்சதை விழ, நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் மேடையில் யாருக்கும் நினைவு வராத மடத்துச் சுவர்க்கடிகாரம் பத்தேகாலைக் காட்டியது.

பந்தியில் இதுதான் பேச்சு. சரியாக முள் தொட்டபோது ராமபத்ரனின் விரல் எழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக முதல் வரிசைக்காரர்கள் சொன்னார்கள். விரலை அவர் மூன்று முறை ஆட்டினார் என்றார் ஒருவர். இரண்டு முறைதான் என்று அவர் மனைவி இலையைத் தட்டிச் சொன்னாள். கடிகாரம் நின்றுபோயிருந்த செய்தி பரவியதும் புகழ் இன்னும் ஏறிவிட்டது. மணி பார்க்காமலே தூக்கிவிட்டாராம்!

சங்கர்ராம் மாமா முகம் கழுவிக்கொண்டு வந்து அத்திம்பேரின் கையைப் பிடித்துக்கொண்டார். “தோத்தேன் ஓய். மெஷினே இல்லாம எப்படித் தூக்கினீர்?”

“தூக்கினேனா?” என்றார் அத்திம்பேர். “எனக்கு ஓர்மையில்லை.”

ஞாபகமில்லை என்றதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மேளம் வாசித்த சுடலைமணியைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் குழுவோடு அடுத்த கல்யாணத்துக்குத் தோப்பும்படிப் பாலம் தாண்டிப் போயிருந்தார்.

சுவிஸ் மெஷினுக்கு ஏற்ற சுருள்வில் கிடைக்கவில்லை. அத்திம்பேர் வெட்கத்தோடு பெங்களூர் மெஷினைக் கேட்டு வாங்கினார். யாருக்கும் விற்காமல் இசக்கிதுரை அதை வைத்திருந்தார். நடந்து நடந்து கடை வாசலையே தேய்த்தவர் திரும்பி வராமல் போவாரா என்றார். அது கேஸுக்குள் போய், இடது கைக்குத் திரும்பியது. பெரும்பாவூரிலிருந்தெல்லாம் விரலுக்கு அழைப்பு வந்தது. அத்திம்பேர் போய், மூன்று நிமிஷத்தை மனசுக்குள் கழித்து, தூக்கிவிட்டு வந்தார். யாராவது ஸாதனா கல்யாணத்தை எடுத்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. வென்றவர் அப்படி நழுவ மாட்டார்.

கல்யாண வீடியோ வரவில்லை. ஸ்டுடியோ வைத்திருக்கும் சந்தீப், ஓணத்துக்குப் பிறகு என்றார். ஹார்ட் டிஸ்க் கேடாயிற்று என்றார். எடிட்டருக்கே கல்யாணம் என்றார். ஸாதனா தாயாகிவிட்டாள். நான் மறுபடி கிளம்பிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து, எங்கோ மலையடிவாரத்து ரயில் நிலையத்தில் தாமதமான வண்டிக்காகக் காத்திருந்தபோது குடும்பக் குழுவில் சந்தீப்பின் இணைப்பு வந்து விழுந்தது.

நேராக அந்த இடத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். வலது கை உயர்கிறது, கடிகாரம், காது, என்னிடம் ஏதோ கேட்கிறார். ஓரத்தில் சங்கர்ராம் மாமா போனோடு மல்லுக்கட்டுகிறார். பிறகு கோவிந்த் குனிகிறான். அப்போது ஸாதனா லேசாக நடுங்குகிறாள். முன்னால் கேமரா இருந்ததால் தெரிகிறது, பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. அத்திம்பேரின் வலது கை இறங்கி, அவளைச் சுற்றி வளைத்து, தன் இடது கையைப் பற்றிக்கொள்கிறது. அவர் கண்ணை மூடி, அவள் ஜடையில் முகத்தை வைத்துக்கொள்கிறார். சுடலைமணியின் கண் மாப்பிள்ளையின் கைமேல் இருக்கிறது. முடிச்சுக்குக் கை போனதும் தவில் அதிர்கிறது. விரல் எங்கேயும் இல்லை.

வீடியோவின் கீழே, இருபத்துமூன்று பேர் பார்த்துவிட்டார்கள் என்று காட்டியது. எங்கள் குழுவில் பெரியவர்கள் தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதுவார்கள். அத்திம்பேர் எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடி எழுதுகிறார் என்று வெகுநேரம் தெரிந்தது. வண்டி வந்து நான் ஏறி உட்கார்ந்த பிறகு வந்தது. குடும்பக் குழுவில் மட்டுமல்ல, சமூக மடத்துக் குழுவிலும் அதையே போட்டிருந்தார் என்று அத்தை பிறகு சொன்னாள்.

“சங்கர்ராம் அறிய. வீடியோ பார்த்தேன். அன்று நான் விரல் தூக்கவில்லை. கை ஒழியவில்லை. அடுத்த கல்யாணத்திலிருந்து நீர் தூக்கவும்.”